பன்னிரண்டாம் எண் உள்ளான்

நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனிக்குப் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன மாதம் போயிருந்தேன். மோல்டு ஷாப்பில் இப்போது இருப்பவர்கள் எல்லாம் படித்த இன்ஜினியர்கள். ஒருவர் ஒரு டப்பாவைக் காட்டினார். அதில் உள்ளதை மோல்டில், அதாவது வார்க்கும் அச்சில், ஒரு முறை துடைத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு உருப்படி வரிசையாக ஒட்டாமல் கழன்று வருமாம். "நீங்க ஒவ்வொரு தடவையும் ஏழு கோட்டிங் போடுவீங்களாமே சார், நிஜமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த ஏழில் ஒன்று குறைந்ததால் என்ன ஆனது என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். அவர்கள் கேட்டார்கள் என்பது சாக்கு. எனக்கே எங்காவது இறக்கி வைக்கவேண்டும் போலிருக்கிறது.

என் பெயர் ஏகாம்பரம். ஊர் ஆதம்பாக்கம். கிண்டியில் தொழிற்பயிற்சி முடித்து, வார்ப்படக்காரர்களுக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசியில் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பைபர்கிளாஸ் பட்டறையில் மாதிரி செய்ய ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். நாற்காலி, தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரித் தட்டு என்று மூன்று வருடம் ஓடியது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரெசின் என்கிற பிசினின் நாற்றத்தில் சாப்பாட்டு ருசி போனதுதான் மிச்சம்.

பட்டறை மேற்பார்வையாளர் அருளப்பன் சார். சாந்தோமில் பல தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அப்பா, அண்ணன், இரண்டு அக்காமார் எல்லாரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். இவர் மட்டும் தப்பித்துத் துறைமுகத்தில் வரைபடம் போடும் வேலைக்குப் போய், அங்கிருந்து எங்கள் பட்டறைக்கு வந்தவர். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனால் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஏகாம்பரம், நீங்க கொஞ்சம் இங்க வர்றீங்களா?" என்றால் முடிந்தது கதை, எங்கோ பெரிய தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். "டேய் ஏகாம்பரம்" என்றால் அன்றைக்கு நல்ல நாள்.

துறைமுகத்தில் இருந்தபோது பாய்மரப் படகுப் பந்தயங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. பாய்மரப் படகு மன்றத்துக்காரர்களிடம் இருந்தவை எல்லாம் தேக்குப் படகுகள். நாலு பேர் தூக்கவேண்டிய கனம். கோடையில் கரையில் போட்டால் பலகை காய்ந்து இடுக்கு விடும். தண்ணீரில் இறக்கினால் ஒழுகும். அதைவிடப் பெரிய குறை, ஒரு படகு போல் இன்னொன்று இருக்காது. யார் ஜெயித்தாலும் தோற்றவர், "அவன் படகு அப்படி" என்பார். ஒரே அச்சில் வார்த்த படகுகள் இருந்தால் அந்தச் சாக்கு போய்விடும், ஓட்டுகிறவன் கைதான் மிச்சம் என்று சார் சொல்லிக்கொண்டே இருப்பார். முதலாளி ஒரு நாள் சலித்துப்போய், "சரி, வரைஞ்சு காட்டுய்யா" என்றார்.

வரைந்தது பட்டறைத் தரையில். பழுப்புத் தாளை ஒட்டி ஒட்டிப் பதின்மூன்று அடிக்கு நீட்டினார். மெல்லிய மூங்கில் பட்டையை வளைத்து, அது நகராமல் ஈயக் கட்டிகளை வைத்து, அதன் ஓரமாகப் பென்சில் ஓட்டுவார். பட்டை தானாக எடுக்கிற வளைவுதான் தண்ணீருக்குப் பிடித்த வளைவு என்பது அவர் கட்சி. படகு ஓடவேண்டிய அடையாறு முகத்துவாரத்தில் அலை குட்டையாக, நெருக்கமாக வரும். அதனால் மூக்கு கத்தி போல் ஒடுக்கம். பின்பக்கம் தாம்பாளத் தட்டு மாதிரி தட்டை. காற்று வலுத்தால் படகு தண்ணீரைக் கிழிக்காமல் அதன்மேல் ஏறிச் சறுக்கும். மணல்மேடு தட்டினால் சட்டென்று மேலே இழுத்துக்கொள்ள வசதியாக நடுவில், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு பலகை. இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் இருப்பவர் சுக்கான் பிடிப்பார். முன்னால் இருப்பவர் சின்னப் பாயைப் பார்த்துக்கொண்டு, படகு சாயும்போது எதிர்ப்பக்கம் உடம்பை வெளியே தள்ளித் தொங்கவேண்டும்.

பெயர் உள்ளான். முகத்துவாரச் சேற்றில் குடுகுடுவென்று ஓடுமே, அந்தச் சின்னப் பறவை. மன்றத்தில் சிலர் இங்கிலீஷ் பெயர் வைக்கச் சொன்னார்கள். சார் மரியாதையாகப் பேச ஆரம்பித்ததும் விட்டுவிட்டார்கள்.

மர மாதிரியை நான் செய்தேன். ஐந்து மாதம். சட்டம் நிறுத்தி, பட்டை பட்டையாக மரம் ஒட்டி, பள்ளத்தை மூட மக்குக் களிம்பு பூசி, தண்ணீர்த்தாள் என்னும் உப்புத்தாள் போட்டு இழைத்து இழைத்து என் விரல் ரேகையே அழிந்துவிட்டது. சார் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். திடீரென்று நின்று, "இங்க" என்பார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கறுப்புப் பெயின்ட் அடித்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அங்கே ஒரு பள்ளம் இருக்கும். அந்த மாதிரியின் மேல் வார்த்து எடுத்த, தொட்டி போன்ற அச்சுதான் மோல்டு. மாதிரியை அதன்பிறகு அறுத்து ஸ்டோர் ரூமுக்கு அலமாரி ஆக்கிவிட்டோம். ஆக, உள்ளானுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு மோல்டுதான்.

மோல்டில் படகு வார்க்கும் முறை இதுதான். படகு மோல்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தரைக்குப் போடும் மெழுகை மல் துணியில் எடுத்து வட்ட வட்டமாகத் தேய்க்கவேண்டும். காயவிட்டு, பளபளவென்று துடைக்கவேண்டும். இப்படி ஆறு தடவை. கைக்குழந்தைகளுக்குக் கிழித்துப்போடும் அந்த மெல்லிய மல் துணி வாங்க நான் தி.நகர் போவேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. மாதா மாதம் நான் கஜக்கணக்கில் மல் வாங்குவதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வருஷம் பூரா வீட்ல பிள்ளப்பேறா?" என்பார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

ஏழாவது, பிலிம். பசைத் தண்ணீர் மாதிரி இருக்கும் ஒரு திரவம். பஞ்சில் தோய்த்து மோல்டு முழுக்கத் தடவினால் காய்ந்து, வெங்காயத்தோலைவிட மெல்லிய ஒரு சவ்வு உட்காரும். மெழுகு மட்டும் போதாது, ரெசினை ஒட்டவிடாமல் காப்பது இதுதான். காய்ந்தபின் அது இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. அதற்கு மேல் நிறக்கோட்டிங், அதற்கு மேல் கண்ணாடி இழை விரிப்பு, ரெசின், உருளை. மறுநாள் கழற்றினால் படகு.

ஒவ்வொரு கோட்டிங் முடிந்ததும் மோல்டின் விளிம்பில் சாக்பீசால் ஒரு கோடு இழுக்கவேண்டும் என்பது சாரின் சட்டம். ஏழு கோடு இல்லாமல் ரெசின் டின்னைத் திறக்க விடமாட்டார். நல்ல சட்டம்தான். ஆனால் பிலிம் தடவினால் விரலெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். சாக்பீஸ் வழுக்கும், ஒட்டும். அதனால் ஏழாவதற்கு மட்டும் நான் கோட்டை முதலில் இழுத்துவிட்டு, பிறகு தடவ ஆரம்பிப்பேன். பதினோரு படகுக்கும் அப்படித்தான் செய்தேன். யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

பதினோரு படகும் மன்றத்துக்காரர்களுக்குப் போயின. பன்னிரண்டாவது சாருடையது. வரைந்து கொடுத்ததற்காக ஒரு படகு அவருக்கு என்று முதலாளி ஆரம்பத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தார். படகு வைத்திருப்பவர்தான் பந்தயத்தில் இறங்கமுடியும். அதுவரை சார் ஒவ்வொரு உள்ளானையும் ஒப்படைக்கும் முன் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்ததோடு சரி. பந்தய நாளில் கரையில் நின்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஜனவரியில் பந்தயம். மன்றத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னார்.

"டேய் ஏகாம்பரம், முன்னாடி உட்கார ஆள் வேணும். நீ வர்றியா?"

"நானா? எனக்கு இன்னா சார் தெரியும்?"

"மூணு வருஷமா செஞ்சுட்டு இருக்க. உன்னவிட யாருக்குத் தெரியும்? நீச்சல் தெரியும்ல?"

"ஏரில குதிச்சு வளந்தவன் சார்."

"அது போதும்."

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி. பட்டறை பெஞ்சில் ஒரு வாரை ஆணியடித்து, அதில் பாதத்தைச் செருகிக்கொண்டு, உடம்பை வெளியே தள்ளி மல்லாந்து தொங்கவேண்டும். சார் கையில் கடிகாரம். வயிறு நடுங்கும். விரிப்பு வெட்டுகிற கன்னியப்பன் பீடியோடு வந்து நின்றுவிடுவான்.

"இன்னா நைனா, உடுக்கை அடிக்கணுமா? சாமி வந்துகினு கீதா?"

"போடா, ஜனவரில கரையில நின்னு பார்றா."

கிண்டியிலிருந்து ஆதம்பாக்கத்துக்குச் சைக்கிள் மிதிக்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கன்னத்தில் பார்த்துக்கொண்டே போவேன். என் கையால் செய்த ஒன்றில் நானே ஏறப்போகிறேன். நாற்காலி செய்தவன் நாற்காலியில் உட்காரலாம். படகு செய்தவனைப் படகில் யார் ஏற்றினார்கள்? அந்த ஒரு மாதம் நான் இருந்த அளவு சந்தோஷமாக என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. என் மனைவி இதைப் படித்தால் படிக்கட்டும்.

டிசம்பர் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாவதற்கு ஆறு மெழுகும் நானே போட்டேன், மற்ற எதற்கும் இல்லாத பக்தியோடு. ஏழாவது கோட்டை இழுத்தேன். பஞ்சை எடுத்து இடப்பக்கம் முழுவதும் பிலிம் தடவி முடித்து, வலப்பக்கம் பின்னாலிருந்து ஆரம்பித்துக் கால்வாசி வந்திருப்பேன். கூரை ஒழுக ஆரம்பித்தது. மோல்டுக்குள் ஒரு சொட்டு விழுந்தால் அத்தனையும் பாழ். "தள்ளு, தள்ளு" என்று நாலு பேர் சேர்ந்து மோல்டை வண்டியோடு மறு கோடிக்கு உருட்டினோம். தார்ப்பாய் தேடி, ஏணி தேடி, கூரையில் ஏறி அடைத்துவிட்டு நனைந்துபோய் இறங்கினேன். டீ குடித்தோம். ஜனவரியில் காற்று எப்படி இருக்கும் என்று கன்னியப்பனிடம் அளந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்து மோல்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பளபளத்தது. விளிம்பில் ஏழு கோடு இருந்தது.

"ஏழும் ஆச்சா?" என்றார் சார்.

"ஆச்சு சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. கோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

மறுநாள் நிறக்கோட்டிங், அதற்கு மறுநாள் விரிப்பும் ரெசினும். மழை ஈரத்தில் இறுக இரண்டு நாள் கூடுதலாக ஆனது. கழற்றும் நாளில் வழக்கம்போல் விளிம்பில் மர ஆப்புகளைச் சுற்றிலும் செருகி, ரப்பர்ச் சுத்தியால் தட்டிக்கொண்டு வந்தோம். இடப்பக்கம் டப்பென்று விட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எங்களுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும். வலப்பக்கம் பின்மூலையில் கொஞ்சம் விட்டது. அதற்கு முன்னால் அசையவில்லை.

ஆப்பைக் கூட்டினோம். இடுக்கில் தண்ணீர் ஊற்றினோம். காற்றடித்தோம். சைதாப்பேட்டையிலிருந்து ரிக்‌ஷாவில் ஐஸ் பாளம் கொண்டுவந்து உடைத்து, படகின் உள்ளே வலப்பக்கமாகக் குவித்தோம். குளிரில் படகு சுருங்கி மோல்டை விட்டுவிடும் என்று கணக்கு. காதை வைத்துக் கேட்டேன். ஐஸ் உருகும் சத்தம்தான் வந்தது. இரண்டு நாள் இப்படிப் போராடினோம்.

மூன்றாம் நாள் காலையில் சார் ஒரு சிவப்புப் பென்சிலோடு படகுக்குள் இறங்கினார். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். விட்ட இடத்தில் சத்தம் ஒரு மாதிரி, ஒட்டிய இடத்தில் வேறு மாதிரி. ஒட்டிய இடத்தின் எல்லையைப் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தார். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம், கால்வாசி தூரத்தில், மேலிருந்து கீழே நேராக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. பஞ்சு நின்ற இடம். மெழுகு ஏமாற்றியிருந்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். இவ்வளவு நேராக ஒட்டாது.

சார் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'நீங்க' வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"இங்க நிறுத்தினியா?"

"கூரை ஒழுகிச்சு சார். கோட்டை நான் எப்பவும் முன்னாடியே போட்டுடுவேன். கையில ஒட்டும்னு."

"எப்பவுமா?"

"பதினொண்ணுக்கும் சார்."

அவர் மெதுவாகப் படகிலிருந்து இறங்கி, பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

இனி இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். வெளியிலிருந்து மோல்டை உடைத்தெடுத்தால் படகு பிழைக்கும். உள்ளிருந்து படகை அறுத்தெடுத்தால் மோல்டு பிழைக்கும், காயத்தோடு. முதலாளி நல்ல மனிதர். "உன் படகுய்யா, நீயே சொல்லு. மோல்டை உடைச்சா நான் எதுவும் கேக்கமாட்டேன்" என்றார். சார் ரெசின் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, டீ கிளாஸைக் கையில் வைத்திருந்தார். குடிக்கவே இல்லை. டீயில் ஆடை கட்டியது. நான் பக்கத்தில் போனேன்.

"மோல்டை உடைச்சுடலாம் சார். நான் மறுபடி மாதிரி செஞ்சு தரேன். ஞாயித்துக்கிழமை எல்லாம் வரேன். சத்தியமா சார்."

"நீ செய்வ. ஆனா அது வேற படகா இருக்கும்டா. இந்தப் படகு மேலயே அச்சு எடுத்தாலும் நூல் அளவு மாறும், மாறினா வேறதான். இன்னும் அஞ்சு பேர் கேட்டிருக்காங்க. அவங்களுக்கு வேற, இந்தப் பதினொண்ணு வேறன்னா, நான் எதுக்கு இத்தனை வருஷம் பேசினேன்?"

"ஜனவரி சார்..."

"ரம்பம் எடு."

நான் உள்ளே இறங்கினேன். அவரும் இறங்கினார். ஆளுக்கொரு ரம்பம். முதுகோடு முதுகு உட்கார்ந்து அறுத்தோம். கண்ணாடித் தூள் வேர்வையில் ஒட்டி உடம்பெல்லாம் அரித்தது. நான் உட்காரவேண்டிய இடத்தை நான்தான் அறுத்தேன். சுக்கான் பக்கத்தை அவர் அறுத்தார். கன்னியப்பன் துண்டுகளை வெளியே வாங்கி அடுக்கினான். அன்றைக்கு அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை. உளியால் கடைசிச் சில்லைப் பெயர்த்தபோது மோல்டின் முகத்தில் தேய்த்த முழங்கால் போலத் தோல் உரிந்திருந்தது. அதைச் சரிசெய்யப் பொங்கல் தாண்டிவிட்டது. பந்தய நாளன்று நானும் சாரும் மோல்டுக்கு இரு பக்கமும் உட்கார்ந்து தண்ணீர்த்தாள் போட்டுக்கொண்டிருந்தோம். காற்று எப்படி என்று இருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு பிலிமில் நீல மை கலந்தோம். தடவிய இடமும் தடவாத இடமும் பார்த்தாலே தெரியும். சாக்பீஸ் சட்டம் போய்விட்டது. சார் ஒரு தடவைகூட அந்த நாளைப் பற்றி என்னிடம் எடுக்கவில்லை. அவருக்கு முன்போலத்தான் நான் "டேய் ஏகாம்பரம்". என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை முடிந்ததும் நழுவிவிடுவேன்.

காயம் ஆறிய மோல்டில், கேட்டிருந்த ஐந்து பேருக்கும் வரிசையாக வார்த்தோம். பன்னிரண்டு என்ற எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை போட்டோம். பதினேழாவதை ஓட்டிப் பார்க்க ஒரு சனிக்கிழமை மதியம் அடையாறு முகத்துவாரத்துக்கு லாரியில் கொண்டுபோனோம். சாருக்கு அடுத்தது பதினெட்டு. முதலாளி மறுபடியும் வாக்குக் கொடுத்திருந்தார். வாங்குகிறவர்தான் வழக்கமாக முன்னால் உட்காருவார். அன்றைக்கு அவர் வரவில்லை. தென்கிழக்குக் காற்று நன்றாக எழும்பியிருந்தது. சார் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று படகைப் பிடித்திருந்தார். பாய் படபடவென்று அடித்தது.

"டேய், ஏறு" என்றார்.

எனக்கு ஆசை இல்லாமலா? கால் அரை அடி முன்னால் போய்விட்டது. அறுத்த சத்தம் காதில் கேட்டது. எந்த முகத்தோடு அவர் முன்னால் உட்காருவது என்று நின்றுவிட்டேன்.

"லாரிக்காரன் காத்துகினு கீறான் சார். நான் இல்லன்னா அவன் பூடுவான்."

லாரிக்காரர் பீடி பிடித்துக்கொண்டு மரத்தடியில் மல்லாந்து கிடந்தார். சார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். வற்புறுத்தவில்லை. லாரியில் கிடந்த இரண்டு சாக்கை எடுத்துவரச் சொன்னார். அவரும் நானும் கரை மணலை வாரி வாரி நிரப்பிக் கட்டினோம். ஆள் கனத்துக்கு அது. முன்னால் தூக்கி வைத்தோம். நான் படகைத் தள்ளிவிட்டேன். பத்தே நொடியில் அது என் கையை விட்டுப் போயிற்று. காற்று வலுத்தது, மூக்கு தூக்கியது, தட்டையான பின்பக்கம் தண்ணீர்மேல் ஏறிச் சறுக்க ஆரம்பித்தது. சார் ஒற்றை ஆளாக வெளியே தொங்கிக்கொண்டு, காக்கைகள் எல்லாம் எழும்பும்படி ஓவென்று கத்தினார். சத்தம் போட்டு நான் பார்க்காத மனிதர்.

திரும்பி வந்தபோது தலையெல்லாம் உப்புத் தண்ணீர். சாக்கை அவிழ்த்து மணலைக் கொட்டிக்கொண்டே சிரித்தார்.

"முன்னாடி இருந்தவன் நல்லவன்டா. வாயே திறக்கல. நீயா இருந்தா இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்ப."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வருடமாக மார்பில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் இளகியது. அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"அடுத்த படகுக்கு வரேன் சார். கண்டிப்பா வரேன்."

"வா" என்றார்.

அந்தக் கோடையில் ரெசின் விலை ஏறிப்போய் முதலாளி படகு வேலையை நிறுத்தினார். சார் விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அங்கேயே காலமானார் என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. பதினெட்டாவது படகை நாங்கள் செய்யவே இல்லை.